பேய் பிஸ்கற்றும் ஐப்பசி ஈரமும்: வாசகர் கேள்வி – பதில்

ஒக்டோபர் நெருங்க, ஹலோவீன் பிஸ்கற் பற்றிய கடிதங்கள் கூடிவிட்டன. கனடாவிலும் லண்டனிலும் இருக்கிற மச்சான் மச்சாள்மார் வீடியோவில் காட்டுவதைப் பார்த்து இங்குள்ள பிள்ளைகளும் பூசணி, வௌவால், சிலந்திவலை என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'குறிப்பில் இருந்தபடியே செய்தேன், சரிவரவில்லை' என்ற முறைப்பாடுதான். அந்தக் குறிப்புகள் குளிர்நாட்டுக் குசினிக்கு எழுதப்பட்டவை. இங்கே ஐப்பசி என்றால் வெக்கையும் மாரி ஈரமும் ஒன்றாக நிற்கும் காலம். வெக்கை மாவைக் கெடுக்கும், ஈரம் ஐசிங்கைக் கெடுக்கும். கீழேயுள்ள பதில்கள் அந்த இரண்டையும் மனதில் வைத்து எழுதியவை.

கேள்வி: வௌவால் வெட்டி வைத்தால் ஓவனுக்குள் போய் வட்டமாகிவிடுகிறது. பேய் பரந்து பக்கத்துப் பேயோடு ஒட்டிக்கொள்கிறது. அச்சு நல்லது, மாவும் நல்லது. எங்கே பிழை?
— வாசகி, கொக்குவில்

பதில்: பிழை மூன்று இடத்தில் இருக்கலாம். பெரும்பாலும் மூன்றும் சேர்ந்தே இருக்கும்.

முதலாவது, பேக்கிங் பவுடர். உருவம் வெட்டும் பிஸ்கற்றுக்கு அது வேண்டவே வேண்டாம். கேக் பொங்கலாம், வௌவாலின் செட்டை பொங்கக் கூடாது. இரண்டாவது, பட்டரையும் சீனியையும் வெளுத்துப் பொங்கும்வரை அடிப்பது. இது கேக் அடித்த கைக்கு வரும் பழக்கம். உள்ளே போன காற்று சூட்டில் விரிந்து கரைகளை வெளியே தள்ளும். இரண்டும் கலந்து ஒன்றானதும் நிறுத்திவிடுங்கள், ஒரு நிமிடம் போதும். மூன்றாவதுதான் எங்கள் ஊர்ப் பிழை: மா இளகிய நிலையிலேயே ஓவனுக்குள் போவது. பட்டர் 32 முதல் 35 பாகை செல்சியசில் உருகிவிடும். பகலில் எங்கள் குசினியே 30 பாகையில் நிற்கிறது. மா வெந்து இறுகுவதற்கு முன் பட்டர் உருகி ஓடினால் உருவமும் கூடவே ஓடிவிடும்.

அளவு இது: கோதுமை மா 350 கிராம், சோளமா 30 கிராம், பட்டர் 200 கிராம், ஐசிங் சீனி 150 கிராம், முட்டை 1, வனிலா 1 தேக்கரண்டி. உப்பில்லாத பட்டர் என்றால் கால் தேக்கரண்டி உப்பும் சேருங்கள். 7 சென்ரிமீற்றர் அச்சில் ஏறத்தாழ 30 பிஸ்கற் வரும். மாவைத் தராசில் நிறுங்கள். கப்பால் அமுக்கி அள்ளினால் ஒவ்வொரு கப்பிலும் 20, 30 கிராம் கூடப் போய்விடும், பிஸ்கற் வெடிக்கும். பட்டர் பெட்டியையும் ஒருமுறை வாசித்துப் பாருங்கள். பாணுக்குப் பூசுகிற 'ஸ்பிரெட்' வகைகளில் தண்ணீர் கூட, கொழுப்புக் குறைவு. அவை இதற்கு உதவாது. 80 வீதம் அல்லது அதற்கு மேல் கொழுப்பு இருக்க வேண்டும். வெக்கை கூடிய நாளில் 150 கிராம் பட்டரும் 50 கிராம் கட்டி மாஜரீனும் கலந்தால் மா கொஞ்சம் திடமாக நிற்கும், வாசம் சற்றுக் குறையும்.

பட்டரைப் பிரிட்ஜிலிருந்து எடுத்து 15 நிமிடத்திலேயே வேலையைத் தொடங்குங்கள். விரலால் அமத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரலில் எண்ணெய் மினுங்கக் கூடாது. சீனி, பிறகு முட்டையும் வனிலாவும், கடைசியாக அரித்த மா. மா ஒன்றுசேர்ந்து திரண்டதும் கையை எடுத்துவிட வேண்டும். ரொட்டிக்குக் குழைப்பதுபோல் குழைத்தால் வேகும்போது சுருங்கி, கடிக்கக் கல்லாக இருக்கும்.

அடுத்ததுதான் முக்கியம். மாவை உருண்டையாகப் பிரிட்ஜில் வைத்துவிட்டுப் பிறகு உருட்டப் போராடாதீர்கள். உடனேயே இரண்டாகப் பிரித்து, இரண்டு ஒயில் பேப்பர்களுக்கு நடுவில் வைத்து 5 மில்லிமீற்றர் தடிப்புக்கு உருட்டி, தட்டையாகவே ஒரு மணித்தியாலம் குளிர வையுங்கள். இரு பக்கமும் ஒரே தடிப்புள்ள மர அடிமட்டம் இரண்டை வைத்து, அவற்றின் மேல் உருட்டுக்கட்டையை ஓடவிட்டால் ஐந்து வயதுப் பிள்ளைகூடச் சமனாக உருட்டும். பிறகு அச்சை மாவில் தோய்த்து வெட்டி, 2 சென்ரிமீற்றர் இடைவெளி விட்டு அடுக்கி, தட்டோடு பிரீசரில் 15 நிமிடம் வையுங்கள். அங்கிருந்து நேரே 175 பாகை ஓவனுக்குள், 10 முதல் 12 நிமிடம். கரை இலேசாகப் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். நடு மெத்தென்று இருக்கும், தட்டில் 5 நிமிடம் இருந்தால் இறுகிவிடும். அடுத்த கூட்டத்தைச் சுட்ட தட்டிலேயே வைக்க வேண்டாம், ஓவனுக்குப் போகுமுன்பே அடி உருகத் தொடங்கிவிடும். தட்டின் பின்புறத்தில் பைப் தண்ணீரை ஓடவிட்டு, துடைத்து, ஆறியபின் வையுங்கள்.

மேசை ஓவன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல் கம்பி கிட்ட இருப்பதால் செட்டை நுனியும் பூனைக் காதும் முதலில் கருகும். ஒரு தட்டில் ஒரே அளவு உருவங்களை மட்டும் வைத்து, பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வையுங்கள்.

கேள்வி: வீட்டில் ஓவன் இல்லை. காஸ் அடுப்பில் செய்யலாமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: செய்யலாம். அடி தடித்த பெரிய அலுமினியச் சட்டியில் கச்சான் வறுக்கிற மணலை 2 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பரப்பி, மேலே ஒரு இரும்பு வளையம் வைத்து, மூடி, நடுத்தரத் தீயில் 15 நிமிடம் சூடாக்குங்கள். பிஸ்கற் தட்டு சட்டியைவிடச் சிறியதாக, சுற்றிவரச் சூடு எழும்ப இடம் விட்டு இருக்க வேண்டும். தட்டை இறக்கியதும் தீயைக் குறைத்து 18 முதல் 22 நிமிடம். மூடியில் வேர்க்கிற தண்ணீர் பிஸ்கற்றில் சொட்டாமல் இருக்க, கடைசி 5 நிமிடம் மூடியைச் சற்று விலக்கி வையுங்கள். மேல்பக்கம் சிவக்காது, வெளிறியே இருக்கும். ஐசிங் பூசப்போவதால் அது குறையாகத் தெரியாது. மணல் சூடு ஆற நெடுநேரம் எடுக்கும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம்.

முதல் தடவை என்றால் இன்னொரு வழியைத்தான் நாங்கள் விரும்பிச் சொல்வோம். கடையில் 'மாறி' எனப்படும் வட்டப் பிஸ்கற் வாங்கி, அலங்காரத்தை மட்டும் பிள்ளைகளோடு செய்யுங்கள். பூசணி, முழிக்கண், சிலந்திவலை, நிலவு எல்லாமே வட்டம்தானே. பிள்ளைகளுக்கு அலங்கரிப்பதில்தான் ஆசை, மா குழைப்பதில் பத்து நிமிடத்தில் அலுத்துவிடும்.

கேள்வி: நாங்கள் சைவச் சாப்பாட்டுக்காரர். முட்டை இல்லாமல் வருமா? வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
— வாசகி, சுன்னாகம்

பதில்: மேலே சொன்ன அளவில் முட்டைக்குப் பதில் குளிர்ந்த பால் 3 மேசைக்கரண்டி. முழுவதையும் ஒரேயடியாக ஊற்றாமல் இரண்டு கரண்டி விட்டுப் பார்த்து, மா திரளாவிட்டால் மட்டும் மூன்றாவது. முட்டை இல்லாத பிஸ்கற் சற்று மொறுமொறுப்பாகவும் உதிரியாகவும் இருக்கும், ஒடுங்கிய கால், வால் உள்ள உருவங்களைத் தவிருங்கள்.

முட்டையைவிடக் கவனிக்க வேண்டியவை அலங்காரச் சாமான்கள். மாஷ்மலோவில் ஜெலற்றின் இருக்கும், அது விலங்கிலிருந்து எடுப்பது. சில சிவப்பு நிறங்களில் ஈ 120 என்று போட்டிருக்கும், அது ஒருவகைப் பூச்சியிலிருந்து வருவது. லேபிளை வாசித்து வாங்குங்கள். 2024 இல் தீபாவளியே ஹலோவீன் நாளான ஒக்டோபர் 31 ஆம் திகதிதான் வந்தது. தீபாவளி கழிந்த கையோடு கந்தசஷ்டி விரதமும் தொடங்கிவிடும். விரத வீடுகளுக்குக் கொடுப்பதென்றால் முட்டையில்லாத மாவைப் புறம்பான தட்டில் சுட்டுப் புறம்பான டப்பாவில் வையுங்கள்.

கேள்வி: ஐசிங் ஒரு நாள் கழிந்தும் கையில் ஒட்டுகிறது. வெள்ளைப் பேயின் கறுப்புக் கண் கசிந்து கன்னமெல்லாம் சாம்பலாகிவிட்டது. கறுப்பு நிறமும் கறுப்பாக வருவதில்லை.
— வாசகி, நல்லூர்

பதில்: முதலில் கலவை. அரித்த ஐசிங் சீனி 200 கிராம், தண்ணீர் 5 தேக்கரண்டி, தேசிக்காய்ப் புளி 1 தேக்கரண்டி. பல குறிப்புகளில் பாலும், மினுக்கத்துக்குக் குளுக்கோஸ் பாகும் சேர்க்கச் சொல்லியிருப்பார்கள். குளுக்கோஸ் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், மாரி காலத்தில் அதை விட்டுவிடுங்கள். பாலைவிடத் தண்ணீரில் கலந்தது நன்றாக இறுகும். பச்சை முட்டை வெள்ளையில் செய்கிற ஐசிங் இன்னும் கெட்டியாகக் காயும்தான், ஆனால் அதில் சல்மொனெல்லாக் கிருமி இருக்க இடமுண்டு. சின்னப் பிள்ளைகள் விரலை நக்கி நக்கித்தான் வேலை செய்வார்கள். அதனால் பச்சை முட்டை வேண்டாம். கேக் சாமான் கடைகளில் கிடைக்கிற மெரிங் பவுடர் (காயவைத்த முட்டை வெள்ளைத் தூள்) 4 தேக்கரண்டியை 200 கிராம் சீனியோடு கலந்து, 35 மில்லிலீற்றர் தண்ணீர் விட்டு அடித்தால் அதே இறுக்கம் கிடைக்கும்.

இரண்டு பதம் வேண்டும். கரை கட்டுவதற்கு, கோடு போட்டால் போட்டபடி நிற்க வேண்டும். உள்ளே நிரப்புவதற்கு, கரண்டியால் தூக்கி விட்டால் விழுந்த கோடு 10 முதல் 15 விநாடிக்குள் மட்டமாகிவிட வேண்டும். அதற்கு முன்பே மறைந்தால் தண்ணீர் கூடிவிட்டது. அப்படிப்பட்ட ஐசிங் கரையைத் தாண்டி ஓடும், காயவும் காயாது. ஒரு கரண்டி ஐசிங் சீனி சேர்த்துத் திருத்தலாம். தண்ணீரைக் கரண்டியால் விடாமல் சொட்டுச் சொட்டாக விடுங்கள், அரைத் தேக்கரண்டி பதத்தையே மாற்றிவிடும்.

கரை கட்டி 20 நிமிடம் விட்டு உள்ளே நிரப்பி, மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்க விடுங்கள். மழை நாளில் 12 மணித்தியாலம் தேவைப்படும். சீக்கிரம் காயட்டும் என்று பிரிட்ஜில் வைப்பதுதான் அநேகர் செய்வது. வெளியே எடுத்த உடனே அதன் மேல் தண்ணீர் வேர்த்து நிறமெல்லாம் கரையும். உங்கள் பேயின் கண் கசிந்ததற்கு, அடி வெள்ளை காய முன் கறுப்பு வைத்தது ஒரு காரணம், பிரிட்ஜில் வைத்திருந்தால் அது இரண்டாவது காரணம். வெள்ளை முதல் நாள், கறுப்பு மறுநாள். இதற்குக் குறுக்குவழி இல்லை.

கறுப்பு நிறத்துக்கு வெள்ளை ஐசிங்கிலிருந்து தொடங்கினால் போத்தல் முழுக்க ஊற்றினாலும் சாம்பல்தான் வரும், கைத்தும் போகும், பிள்ளைகளின் பல்லும் நாக்கும் கறுக்கும். 200 கிராம் ஐசிங்கில் முதலில் 2 மேசைக்கரண்டி கொக்கோ கலந்து கபில நிறமாக்கி, அதன்மேல் கறுப்பு ஜெல் நிறம் கொஞ்சம். கடும் சாம்பலாக வந்ததும் நிறுத்தி, மூடி வைத்துவிடுங்கள். சில மணித்தியாலத்தில் தானாகவே கறுக்கும். தண்ணீர் நிறம் ஐசிங்கை இளக்கிவிடும், ஜெல்தான் நல்லது.

உண்மையில் கறுப்பு ஐசிங் இல்லாமலே ஹலோவீன் பிஸ்கற் செய்யலாம். 40 கிராம் கோதுமை மாவைக் குறைத்து 40 கிராம் கொக்கோ சேர்த்தால் வௌவாலும் பூனையும் மாவிலேயே கருமையாக வந்துவிடும். சின்னக் கண்ணுக்குக் கறுப்பு எள்ளு. ஈரமான ஐசிங்கில் இரண்டு எள்ளை வைத்துப் பாருங்கள், பேய்க்குட்டிக்கு அதைவிட நல்ல பார்வை வராது, கசியவும் மாட்டாது. செம்மஞ்சள் நிறத்துக்கு மஞ்சள் நிறம் மூன்று பங்கு, சிவப்பு ஒரு பங்கு. ஊதாவுக்கு நீலச் சங்குப்பூ பத்தை இரண்டு மேசைக்கரண்டி சுடுதண்ணீரில் ஊறவைத்து, ஆறியபின் அந்தத் தண்ணீரிலேயே ஐசிங் கலந்து, சொட்டுத் தேசிக்காய் விடுங்கள். நீலம் ஊதாவாக மாறுவதைப் பிள்ளைகள் பார்க்கும்படி செய்யுங்கள்.

கேள்வி: எங்களிடம் ஹலோவீன் அச்சு ஒன்றுமில்லை. நத்தார் அச்சுகள் சில கிடக்கின்றன. சிலந்திவலை எப்படி வரைவது?
— வாசகி, பருத்தித்துறை

பதில்: நத்தார் அச்சே தாராளம். மணி அச்சின் அடியில் தொங்கும் நாக்கை வெட்டிவிட்டால் அது பேய். மனித உருவத்துக்கு வெள்ளைக் கோடுகளைக் குறுக்கும் மறுக்குமாகப் போட்டு இரண்டு கண் வைத்தால் கட்டுத்துணி சுற்றிய பிணம். வௌவாலுக்கு அச்சே தேவையில்லை. பேணி வாயால் வட்டம் வெட்டி, அதை நடுவால் பிளந்து, நேர்ப்பக்கத்தில் சோடாப் போத்தல் மூடியால் பக்கத்துப் பக்கத்தில் மூன்று கடி கடித்துவிடுங்கள். விரித்த செட்டை வந்துவிடும்.

சிலந்திவலைக்கு மட்டும் ஐசிங் காயக் கூடாது, எல்லாம் ஈரத்திலேயே நடக்க வேண்டும். வட்டப் பிஸ்கற்றில் வெள்ளையை நிரப்பிய உடனே, நிரப்புகிற பதத்திலேயே உள்ள கறுப்பால் நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி மூன்று வளையங்களும் போடுங்கள். கழுவித் துடைத்த ஈர்க்கின் நுனியை நடுப்புள்ளியில் வைத்து வெளிக்கரைக்கு இழுங்கள். முதலில் நாலு திசைக்கு, பிறகு இடையில் நாலு, மொத்தம் எட்டு இழுப்பு. ஒவ்வொரு இழுப்புக்கும் ஈர்க்கைத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் மூன்றாவது கோட்டிலேயே வெள்ளை சாம்பலாகிவிடும். மேற்பரப்பை மட்டும் தொட்டு இழுங்கள், அடி பிஸ்கற்றைக் கீறினால் தூள் கிளம்பி ஐசிங்கில் கலக்கும். ஒரு நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் ஐசிங்கில் ஆடை படர்ந்து, கோடு இழுபடாமல் சுருங்கும். ஆகவே இந்த வேலை முடியும்வரை மின்விசிறியை நிற்பாட்டி வையுங்கள், ஒரு நேரத்தில் ஒரு பிஸ்கற்றை மட்டும் எடுங்கள்.

கேள்வி: சூனியக்காரி விரல் செய்தேன். நகம் எல்லாம் விழுந்துவிட்டது. விரலும் வாழைப்பழம் மாதிரி வந்தது!
— தரம் 7 மாணவி, உடுவில்

பதில்: உங்கள் சின்னி விரலைவிட மெல்லியதாக உருட்டுங்கள், ஓவனில் வீங்கும். நீளம் 8 சென்ரிமீற்றர் போதும். விரல் மொளி வரும் இரண்டு இடத்தில் சற்று நசுக்கி, மேலே கத்தியின் முதுகால் மூன்று கோடு அமத்துங்கள். நகத்துக்குக் கஜுவை இரண்டாகப் பிளந்து, தட்டையான பக்கம் கீழே இருக்க நன்றாகப் புதைத்து, சுடுமுன் பிரீசரில் 15 நிமிடம். பிறகும் நகம் கழன்றால் நல்லதுதான். அந்தக் குழியில் ஒரு சொட்டுச் சிவப்பு ஜாம் விட்டு நகத்தைத் திரும்ப ஒட்டுங்கள், இரத்தம் கசிந்தாற்போல் இருக்கும். ஓவனைத் திறப்பதும் தட்டை எடுப்பதும் அம்மாவின் வேலை.

கேள்வி: இது பேய்க் கொண்டாட்டம் அல்லவா? பிள்ளைகளுக்கு இதைப் பழக்குவது சரியா?
— வாசகர், குருநகர்

பதில்: நவம்பர் 1 சகல புனிதர் பெருவிழா, அதற்கு முந்திய இரவுதான் ஹலோவீன். மறுநாள், நவம்பர் 2 இல், சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றுவது உங்கள் பகுதியில் எல்லாரும் அறிந்தது. இடைக்கால இங்கிலாந்தில் இறந்தோருக்காகச் செபிப்பதாகச் சொல்லி வீடுவீடாக வந்தவர்களுக்குச் சிறிய 'ஆன்மா அப்பம்' கொடுத்தார்கள். அயர்லாந்தில் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்த வழக்கம் அமெரிக்காவுக்குப் போய்ப் பூசணியாக மாறியது. செய்வதா விடுவதா என்பது வீட்டார் எடுக்க வேண்டிய முடிவு. பேய் உருவம் பிடிக்காதவர்களுக்குப் பூசணி, ஆந்தை, பிறைநிலா போதும். நாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் உண்மையிலேயே பயப்படுவார்கள். அவர்களுக்குச் சிரிக்கிற முகமே வரையுங்கள்.

கேள்வி: குரக்கன் மா, ஒடியல் மா, பனங்கட்டி சேர்க்கலாமா?
— வாசகி, கரவெட்டி

பதில்: குரக்கன் நன்றாகப் பொருந்தும். கோதுமை மாவில் 100 கிராமைக் குறைத்து அவ்வளவு குரக்கன் மா போட்டால் கபில நிறமும் நல்ல வாசமும் வரும், ஆந்தைக்கும் வௌவாலுக்கும் ஏற்றது. அதற்கு மேல் போட்டால் வெட்டும்போதே உதிரும். ஒடியல் மா கூழுக்குத்தான். அதன் கைப்பும் வாசமும் பட்டரோடு சேராது, பிள்ளைகள் சாப்பிட மாட்டார்கள். பனங்கட்டியைத் துருவி, சீனியில் மூன்றில் ஒரு பங்குக்குப் பதிலாக, அதாவது 50 கிராம் சேர்க்கலாம். அதில் ஈரம் இருப்பதால் பிஸ்கற் சற்றுப் பரக்கும். பிரீசரில் 15 நிமிடத்துக்குப் பதில் 25 நிமிடம் வையுங்கள்.

கேள்வி: முன்பள்ளியில் 20 பிள்ளைகளோடு ஒன்றரை மணித்தியாலத்தில் செய்ய முடியுமா?
— ஆசிரியை, மானிப்பாய்

பதில்: அலங்காரம் மட்டும் என்றால் முடியும். ஆளுக்கு இரண்டு, உடைவதற்கு ஐந்து, மொத்தம் 45 பிஸ்கற்றை இரண்டு நாள் முன்பே சுட்டு, முதல் நாள் மாலை வெள்ளை ஐசிங் நிரப்பிக் காயவிடுங்கள். பிள்ளைகள் காய்ந்த வெள்ளையின் மேல் கோடும் புள்ளியும் போடட்டும். செம்மஞ்சள், ஊதா என்று இரண்டே நிறம் போதும், நாலு நிறம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் எல்லாம் மண்நிறமாகிவிடும். 500 கிராம் ஐசிங் சீனி 20 பைக்குக் காணும். சின்னப் பொலித்தீன் பையில் பாதிக்குக் குறைவாக நிரப்பி, மேற்பக்கத்தை இறப்பர் வளையத்தால் இறுக்கிக் கட்டி, மூலையில் 2 மில்லிமீற்றர் ஓட்டை வெட்டுங்கள். கட்டாவிட்டால் பிள்ளை அமத்தியதும் மேலால் பீறிட்டுக் கைமுழுக்க வரும். மூன்று வயதுப் பிள்ளைகளிடம் பையைக் கொடுக்காமல், நீங்கள் ஐசிங் பொட்டு வைத்துக்கொடுங்கள், அவர்கள் எள்ளும் முந்திரிகை வற்றலும் ஒட்டட்டும். ஐந்து வயதுக்குக் கீழே முழுக் கச்சான், முழுக் கஜு, வெள்ளிமணி (கேக்கில் வைக்கிற வெள்ளி நிறச் சீனி மணி) எதுவும் வேண்டாம், தொண்டையில் அடைக்கும். முட்டை, பால், கோதுமை, எள்ளு, கஜு ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் யார் என்று பெற்றோரிடம் முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

கேள்வி: இரண்டு நாளில் நமுத்துவிடுகிறது. எறும்பும் விடுவதில்லை.
— வாசகி, ஊர்காவற்துறை

பதில்: இளஞ்சூட்டில் டப்பாவுக்குள் போட்டால் உள்ளே வேர்த்து நமுக்கும். ஒரு மணித்தியாலம் முழுதாக ஆறவிட்டு, இறுக்கமான தகர டப்பாவில் ஒயில் பேப்பர் இடையிட்டு அடுக்குங்கள். ஐசிங் பூசாதது இரண்டு கிழமை நிற்கும், பூசியது ஒரு கிழமை. ஜாம் வைத்த விரல்களை இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள், ஜாமின் ஈரம் முழு டப்பாவையும் இளக்கும், அவற்றைப் புறம்பாக வையுங்கள். நமுத்த பிஸ்கற்றை, ஐசிங் பூசாதது என்றால், 150 பாகையில் 5 நிமிடம் வைத்து ஆறவிட்டால் மொறுமொறுப்புத் திரும்பும். எறும்புக்கு, அகன்ற தட்டில் இரண்டு விரல் தண்ணீர் விட்டு, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன்மேல் டப்பாவை வையுங்கள். டப்பா சுவரில் முட்டக் கூடாது, முட்டினால் தண்ணீர் வைத்தும் பயனில்லை.